சந்தனம் வைத்த ரிவால்வர்

அன்புள்ள செழியனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பேனாவுக்கு மூடி போட்டேன். இரவெல்லாம் திறந்தே கிடந்ததில் முனை காய்ந்துபோயிருந்தது. நேற்று சாயங்காலம் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டே, "ஒரு கையெழுத்துதாம்மா, போட்டு வெச்சிரு. பெரம்பலூர் பக்கமெல்லாம் குடுத்து முடிச்சிட்டு செவ்வாக்கெழம வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நீதான் பேனாவைத் திறந்து அந்தக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டுப் போனாய். உன் அப்பா பெயரில் இருந்த ரிவால்வரின் லைசென்ஸை ஒரே மகனான உன் பெயருக்கு மாற்றுவதில் அவர் மனைவியாகிய எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று அதில் டைப் அடித்திருக்கிறது. நான் அதைப் பலமுறை படித்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுதும் விடைத்தாளைத் திருத்துகிறவளுக்கு எதைப் படித்தாலும் பிழை தேடும் பழக்கம் இருக்கும். அந்தக் காகிதத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட முடியவில்லை. ஏன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா போய் வருஷம் திரும்பப்போகிறது. அவர் போன வாரத்திலேயே துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்தோம். அன்றைக்கு ஏட்டய்யா அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, "டீச்சரம்மா, காலாகாலத்துல பையன் பேருக்கு மாத்திக்குங்க. இங்க கெடந்தா யாரு எண்ணெ போடுவா, துருப்புடிச்சிரும்" என்று சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். துருப்பிடிக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ அப்பாவை எரித்துவிட்டு வந்த களைப்பில் பெஞ்சில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாய். உன்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் வரலாறு படித்தவள், இத்தனை வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துப் போவோம். மேல் சுவரில் இருக்கிற ஓட்டைகளில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், இதுலதான் துப்பாக்கிய வெச்சி சுட்டாங்களா?" என்று தவறாமல் ஒருவன் கேட்பான். அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வேன். ஆரம்பத்தில் அது வெறும் இரும்புக் குழாய். அதில் மருந்தை இடித்து, குண்டைப் போட்டு, ஒருவன் பிடித்துக்கொள்ள, நெருப்பை வைக்க வேண்டும். அப்புறம் திரி வந்தது. கனன்றுகொண்டிருக்கும் திரியை ஒரு கொக்கி இறக்கி மருந்தைத் தொடும். மழை பெய்தால் அணைந்துபோகும். அணையாத திரியை யாரும் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க முடியாது. அதனால் அதுவரைக்கும் கையில் அடங்குகிற துப்பாக்கி என்று சொல்லிக்கொள்ள ஒன்று பெரிதாக இல்லை. கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றிக் கல்லில் உரசிப் பொறி வரவைக்கலாம் என்று ஐரோப்பாவில் யாரோ கண்டுபிடித்த பிறகுதான் அது ஒரு கைக்குள் வந்தது, சட்டைக்குள் போனது. சட்டைக்குள் போனதைப் பார்த்து அங்கே ராஜாக்களே பயந்து, அதை வைத்திருக்கக் கூடாது என்று சில ஊர்களில் தடை போட்டார்கள். தடை நிற்கவில்லை. பிறகு சிக்கிமுக்கிக் கல், அதன் பிறகு மழைக்கும் அஞ்சாத சின்னச் செம்புத் தொப்பி, பிறகு ஆறு குண்டைச் சுமந்து தானே சுற்றும் உருளை, மருந்தும் குண்டும் ஒன்றாக அடைத்த தோட்டா, கடைசியில் ஒரு குண்டு வெடித்த உதைப்பிலேயே அடுத்த குண்டு ஏறிக்கொள்ளும் பிஸ்டல்.

பிள்ளைகளுக்கு இதை வளர்ச்சி என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். பாடத்தில் எல்லாம் வளர்ச்சிதான். ரொம்ப வருஷம் கழித்து, நம் வாசலில் ஒரு காலையைப் பார்த்த பிறகுதான், அந்த வரிசையை வேறு மாதிரி படித்தேன். திரியை ஏற்ற வேண்டும், மருந்து இடிக்க வேண்டும், காற்றைப் பார்க்க வேண்டும் என்றிருந்த காலத்தில், ஒருவனுக்குக் கோபம் வந்ததற்கும் குண்டு போவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த நேரத்தில் பெண்டாட்டி வந்து கையைப் பிடிக்கலாம். எதிரே நிற்கிறவன் ஓடலாம். அவனுக்கே ச்சே என்று தோன்றலாம். கெட்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து அந்த நேரத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். உன் அப்பா கைக்கு அது வந்து சேர்ந்தபோது மிச்சம் ஒன்றுமே இல்லை.

அது எப்படி வந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது சின்னப் பிள்ளை. சுண்ணாம்புக்கல் லோடு ஓட்ட ஆரம்பித்த புதிதில், போட்டிக்காரர்கள் ஆள் விட்டு ஜெயங்கொண்டம் ரோட்டில் நம் லாரியை மறித்துக் கண்ணாடியை உடைத்தார்கள். "அடுத்த தடவ கண்ணாடி இல்ல, தலை" என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினார்கள். உன் அப்பா நிஜமாகவே பயந்துபோனார். விண்ணப்பம் போட்டு, விசாரணை முடிந்து, அது வீட்டுக்கு வந்த அன்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் நானே வாய்விட்டுச் சொன்னேன். மிரட்டினவர்கள் அதற்கப்புறம் வரவே இல்லை. துப்பாக்கிக்குப் பயந்து வரவில்லையா, வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்களா, யாருக்குத் தெரியும். பயம் போன பிறகும் துப்பாக்கி இருந்தது. சட்டையை வெளியே விட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். டீக்கடையில் அவருக்கு நாற்காலி வந்தது. வீட்டில் அவர் பேச்சுக்கு இரண்டாவது வார்த்தை பேசுவது நின்றுபோனது. அவர் யாரையும் மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். உன் அப்பாவுக்கு அது பெரிய அவமானம். "ஓட்டுப் போட வர்றவன் என் இடுப்பயா பாக்கப் போறான்?" என்று புலம்பிக்கொண்டே போவார். அந்த வாரங்களில் அவர் பழைய மாதிரி ஆகிவிடுவார். எதிர்த்துப் பேசினால் பதிலுக்குப் பேசுவார், தோற்றால் சிரிப்பார். எந்தக் கட்சி வந்தால் என்ன, எனக்குத் தேர்தல் வந்தால் போதும் என்றிருக்கும். வோட்டு எண்ணி முடித்ததும் அவர் போய் அதை வாங்கி வருவார். நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

ஆயுத பூஜை அன்று லாரிச் சாவி, ஸ்பேனர், ஜாக்கி, உன் ஜாமெட்ரி பாக்ஸ், என் சிவப்புப் பேனா எல்லாவற்றோடும் அதையும் வாழை இலையில் வைத்துக் கும்பிடுவோம். வேறு ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். நமக்கு அது ஒரு சாமான், சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விட்டால் மனசு கேட்காது. குண்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கொடுப்பார், நான் சந்தனம் வைப்பேன். வாசலில் அந்தக் காலை வந்த வருஷம் புதிதாக எண்ணெய் போட்டுக் கொடுத்திருந்தார். சந்தனம் நிற்காமல் வழுக்கியது. அதனால் கையில் அள்ளிக் கெட்டியாக அப்பி, மேலே குங்குமத்தை அழுத்தினேன். உன் சித்தப்பாவும் சுண்டல் சாப்பிட வந்திருந்தார். "அண்ணி, அதுக்கு ஒரு மாலையும் போட்டுருங்க, மாப்ள மாதிரி இருக்கும்" என்றார். உன் அப்பாவும் சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் அவர் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, குண்டுகளைப் போட்டு பீரோவில் வைத்துவிட்டார்.

அந்த மாதமே மழை பிடித்துக்கொண்டது. நம் லாரிகள் சித்தப்பாவின் பருத்திக் கொல்லை ஓரமாகப் போகிற பாதையில்தான் போய் வரும். லோடு ஏறி இறங்கி அவருடைய வடிகால் மண்மூடிப் போய், பருத்தியில் தண்ணீர் நின்றுவிட்டது. அவர் பாதையில் வேலிமுள்ளை வெட்டிப் போட்டார். நீ அப்போது பெரம்பலூரில் விடுதியில் இருந்தாய். காலையில் உன் அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பா வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, இனிமே லோடு வண்டி என் கொல்லப் பக்கம் வரக் கூடாது. சொல்லிட்டேன்."

"உன் கொல்லையா? அது அப்பா காலத்துப் பாதடா."

"பாதை மாட்டு வண்டிக்கு. உன் பன்னெண்டு சக்கரத்துக்கு இல்ல."

"முள்ள எடுக்கிறியா, நான் எடுக்கட்டுமா?"

"எடுத்துப் பாரு. துப்பாக்கி வெச்சிருந்தா நீ என்ன ஜமீனா? பொட்டு வெச்சிப் பூ போட்டுக் கும்புடத்தான் அது லாயக்கு."

உன் அப்பா கையைக்கூடக் கழுவவில்லை. உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. நான் சட்னிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றிருந்தேன். அவர் என்னைத் தாண்டித்தான் வெளியே போனார். என்னால் கையை நீட்டியிருக்க முடியும் என்று இன்றைக்கு நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு எல்லாம் அவ்வளவு வேகமாக நடந்தது. வாசல் படியில் நின்று சித்தப்பாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

செழியா, இதற்கு மேல் நீ கேட்டு வளர்ந்த கதை வேறு. அப்பா சும்மா மிரட்டினார், சித்தப்பா வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று டிரைவர்கள் சொல்வார்கள். நீயும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். உன் அப்பா விசையை இழுத்தார். அது நகரவில்லை. துப்பாக்கியை ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, திரும்ப நீட்டி இன்னொரு முறை இழுத்தார். விரல் நகம் வெளுத்ததைப் பார்த்தேன். சித்தப்பா ஓடவில்லை. அண்ணனின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, மெதுவாக, தெருக்கோடி வரை நடந்து போனார். உன் அப்பா கையை இறக்கி, என்னைப் பார்த்து, "பயந்துட்டான் பாத்தியா?" என்றார். அவர் உதட்டில் இட்லித் துணுக்கு ஒட்டியிருந்தது. நான் தலையை ஆட்டினேன். அந்தக் கதை அங்கே பிறந்தது.

அடுத்த வாரம் திருச்சியில் ஆயுதக் கடைக்கு அதை எடுத்துப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் உருளையைப் பிரிக்க முடியாமல் தட்டித் தட்டிப் பார்த்தார். "யாருங்க சார் இது, சந்தனத்த கொழச்சி ஊத்துனது? எண்ணெயோட சேந்து பசை மாதிரி எறுகிப் போச்சி. உருளையே சுத்தாது." உன் அப்பா என்னைக் கைகாட்டினார். "எங்க வூட்டம்மாவுக்குப் பக்தி ஜாஸ்தி." "இனிமே பெட்டிக்குப் பொட்டு வைங்கம்மா, புண்ணியமாப் போவும்" என்றார் கடைக்காரர். இரண்டு பேரும் சிரித்தார்கள். சுத்தம் செய்து, சுற்றிக் காட்டி, பழையபடி கையில் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பா தூங்கினார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் கொலைகாரர் இல்லை. இதை நீ நம்ப வேண்டும். தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர். டிரைவருக்கு விருந்து வைத்துவிட்டுத்தான் தன் இலையில் உட்காருவார். ஒரு இட்லியைப் பிட்டதற்கும் அடுத்த இட்லியில் கை வைப்பதற்கும் நடுவில் அந்தக் காரியத்தைச் செய்தார். கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் முள்ளை ஒரு உதை உதைத்திருப்பார், கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார், சாயங்காலம் யாராவது பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசியிருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அந்தக் கருவியில் கிடையாது. அன்றைக்கு என் கை அப்பிய சந்தனம் தவறுதலாக அந்த நேரத்தைத் திரும்ப உள்ளே வைத்திருந்தது. இன்னொரு முறை அப்படி நடக்காது.

எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாரிடம் ஒருநாள், பெயர் ஊர் சொல்லாமல், பொதுவாகப் பேசிப் பார்த்தேன். "என்னங்க டீச்சர், நம்ம ஊர்ல வெட்டுக்குத்து எல்லாமே அருவாள்லதான நடக்குது? அதுக்கு லைசென்ஸா கேக்குறாங்க?" என்றார். அவர் கேட்டது நியாயம். அரிவாள் எடுக்கிறவன் மனசு மட்டும் என்ன பூவா. ஆனால் அரிவாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போக வேண்டும். நாலு எட்டு நடக்க வேண்டும். எதிராளியின் வாசனை தெரிகிற தூரத்துக்குப் போக வேண்டும். அந்த நாலு எட்டில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை, ஏனென்றால் அவர்கள் வழக்கில் வருவதில்லை. உன் அப்பாவும் அந்த நாலு எட்டு நடந்திருந்தால் திரும்பியிருப்பார் என்று நம்பித்தான் அவரோடு மிச்சக் காலம் வாழ்ந்தேன். அதற்கப்புறம் நான் அவரிடம் உரக்கப் பேசியதே இல்லை. என்னைப் பொறுமைசாலி என்று ஊரில் சொன்னார்கள்.

அவர் மாரடைப்பில் போனார். எந்தத் துப்பாக்கியும் அதற்கு உதவவில்லை. சித்தப்பா செய்தி கேட்டு வந்து, நீ நெருப்புச் சட்டி பிடிக்க, அவர் பாடைக்கு முன் தோள் கொடுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து, பந்தல் பிரிக்கும்போது என்னிடம் வந்து நின்றார். "அண்ணி, அண்ணன் வெரலு இழுத்துச்சு. நீங்களும் பாத்தீங்க." நான் ஆமாம் என்றேன். "செழியனுக்குச் சொல்ல வேணாம். புள்ளைக்கு அப்பா நல்லபடியா இருக்கட்டும்" என்றார். உன்னிடம் வம்புக்காரர் என்றும் கோழை என்றும் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிற மனிதர் சொன்னது அது.

போன வாரம் அதே பாதையில் அவர் மறுபடி முள் போட்டிருக்கிறார் என்று நீ கொதித்துப்போய் வந்தாய். "அப்பா இருந்தா போட்டிருப்பாரா? லைசென்ஸ் என் பேருக்கு வரட்டும், அப்புறம் பேசிக்கிறேன்" என்றாய். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாய். உனக்கும் உன் அப்பாவுக்கும் கோபம் வரும்போது காது மடல் ஒரே மாதிரி சிவக்கிறது. முந்தாநாள் உனக்கு வரப்போகிறவள் எறையூரிலிருந்து போன் செய்தாள். புடவை நிறம், பிளவுஸ் என்று ஏதேதோ பேசிவிட்டு, வைக்கும்போது, "அத்தை, வூட்டுக்குத் துப்பாக்கி வரப்போவுதாமே, அவங்க சொன்னாங்க. அத எந்த ரூம்ல வெப்பீங்க?" என்று கேட்டாள். பெருமையாகக் கேட்டாளா, பயந்து கேட்டாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் அறை பீரோவில் இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பாதைக்கு வழி இருக்கிறது. வடிகால் குறுக்கே வருகிற இடத்தில் நாம் சிமெண்ட் குழாய் பதித்துக் கொடுத்தால் தண்ணீர் அவர் கொல்லையில் நிற்காது. உன் அப்பாவுக்கும் அது தெரியும். கேட்கப் போவது தோற்பது போல என்று நினைத்தார், அவ்வளவுதான். பத்திரிகையை எடுத்துக்கொண்டு நீயே முதலில் அவர் வீட்டுக்குப் போ. உள்ளே உட்கார். காபி கொடுத்தால் குடி. கோபம் வந்தால் எழுந்து வெளியே போய், மாட்டுக்கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு உள்ளே வா. யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் செத்துப்போக மாட்டாய். இதைவிடப் பெரிய புத்திமதி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் உனக்கு வேறு வழிகள் உண்டு என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உன் பெயரிலேயே புதிதாக விண்ணப்பிக்கலாம். அம்மா மறுக்கிறாள் என்று வக்கீல் வைக்கலாம். அப்போது விசாரணைக்கு ஆள் வருவார்கள், இந்த வீட்டில் துப்பாக்கி ஒழுங்காக இருந்ததா என்று என்னிடம் கேட்பார்கள். இத்தனை நாளும் அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். செத்துப்போனவரின் பெயரைக் காப்பாற்றுவது என் வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது உயிரோடு இருக்கிற மூன்று பேர் கண்ணுக்குத் தெரிகிறார்கள். நீ, அந்தப் பெண், உன் சித்தப்பா.

நாளைக்குத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு நாள். லீவு சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. காலை பஸ்ஸில் அரியலூர் போய், என் கணவரின் துப்பாக்கி இந்தக் குடும்பத்தில் யாருக்கும் போகக் கூடாது, அதை அரசாங்கமே எடுத்து அழித்துவிட வேண்டும் என்று மனுக் கொடுக்கப்போகிறேன். ஏன் என்று கேட்டால், என் கணவர் கூடப் பிறந்த தம்பியின் நெஞ்சுக்கு நேரே இரண்டு முறை விசையை இழுத்தார், நான் பார்த்தேன் என்று என் பெயர் போட்டு எழுதிக் கொடுப்பேன். சித்தப்பாவிடமும் இதைச் சொல்லவில்லை, அவர் தடுத்துவிடுவார். செவ்வாய்க்கிழமை நீ வரும்போது அது முடிந்திருக்கும்.

அம்மா